துரை தோண்டிய பள்ளம்

வனஜா சத்தம் போட்டுச் சண்டை போடுகிறவள் இல்லை. யாராவது மனசைப் புண்படுத்திவிட்டால் வாயை மூடிக்கொள்வாள். அம்பத்தூர் எஸ்டேட்டில் அவள் வேலை பார்க்கும் மாத்திரை கம்பெனியில், கேன்டீன்காரன் ஒருமுறை எல்லார் முன்னாலும் அவளைக் காட்டி, "இந்தம்மாவுக்கு ஒரு கரண்டி எச்சா போடுப்பா, ஊட்ல அடுப்பு எரியறது இல்ல போல கீது" என்றான். அவள் சாப்பிட்டு எழுந்தாள். மறுநாள் வீட்டிலிருந்து டிபன் பாக்ஸ் கொண்டுபோனாள், பக்கத்தில் உட்காருகிறவர்களுக்கும் சேர்த்து. அவர்களும் பதிலுக்கு ஆளுக்கொன்று கொண்டுவரத் தொடங்கினார்கள். பேக்கிங் பிரிவே கேன்டீன் பக்கம் எட்டிப் பார்க்காமல் போய், அந்த ஆள் ஒப்பந்தத்தை விட்டுவிட்டு ஓடும்வரை அவள் ஓயவில்லை. அவன் கிளம்புகிற அன்று ஒரு டப்பாவில் புளியோதரை கட்டிக் கொடுத்தனுப்பினாள்.

இதெல்லாம் அவள் கொழுந்தன் இளங்கோவுக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் ஆமை விஷயத்தில் கொஞ்சம் யோசித்திருப்பான்.

ஆவடி சேக்காட்டில் இருக்கும் வீடு மாமனார் கட்டியது. கீழே வனஜாவும் அவள் கணவன் ஜெயராமனும், மாடியில் இளங்கோ குடும்பம். பின்பக்கம் முருங்கை மரமும் துவைக்கிற கல்லுமாகக் கிடந்த மண் தரை இரண்டு வீட்டுக்கும் பொது. வனஜாவுக்குப் பிள்ளைகள் இல்லை. சொந்தக்காரர்கள் அதைப் பற்றி விசாரிப்பதை நிறுத்திச் சில வருடங்கள் ஆகியிருந்தன.

ஆமை அவளிடம் வந்தது கம்பெனியில் கூட வேலை பார்த்த பிரசன்னாவிடமிருந்து. திருவேற்காட்டில் அவனுக்கு ஏழாவது மாடியில் பிளாட். உள்ளங்கை அளவில் ஆசையாக வாங்கிய ஆப்பிரிக்க ஆமை. வனத்துறையில் பதிவு செய்த தாளெல்லாம் ஒழுங்காக வைத்திருந்தான். ஆனால் அது வளர்ந்துகொண்டே போயிற்று. பாத்ரூமில் விட்டிருந்தார்கள். நாள் முழுக்க டைல்ஸ் மூலையை முன்னங்காலால் பறண்டிக்கொண்டே இருந்ததில் நகங்கள் தேய்ந்து ரத்தம் கசிந்தது. கீழ்வீட்டுக்காரர்கள் சத்தம் தாங்காமல் சண்டைக்கு வந்தார்கள்.

"டாக்டர் மண்ணு வேணும்னு சொல்றாங்கக்கா. ஏழாவது மாடில மண்ணுக்கு நான் எங்க போவேன்? உங்க வீட்ல மண் தரை இருக்கில்ல?" என்று பிரசன்னா கேட்டான். அந்தத் தேய்ந்த நகங்களைப் பார்த்த பிறகு வனஜாவால் முடியாது என்று சொல்ல முடியவில்லை. பெயர் மாற்றிய தாளோடு ஆமையை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு வந்தாள்.

மண்ணில் இறக்கி விட்டதும் அது கழுத்தை நீட்டி மோந்து பார்த்தது. பிறகு மெதுவாகத் தோட்டத்தை ஒரு சுற்றுச் சுற்றி வந்தது. "வெள்ளக்கார துரை ரவுண்ட்ஸ் வர்ற மாதிரி இல்ல?" என்றான் ஜெயராமன். பெயர் அப்படியே நின்றுவிட்டது. அன்று மாலையே துவைக்கிற கல்லுக்கு அடியில் துரை தோண்டுகிற வேலையை ஆரம்பித்துவிட்டது.

பூந்தமல்லியில் ஷிபா என்று ஒரு கால்நடை டாக்டர். சின்னப் பெண், ஆனால் ஆமை, கிளி என்றால் எங்கெங்கிருந்தோ அவளைத் தேடி வருவார்கள். வனஜா தகர ஷெட்டு ஒன்று அடித்து வைத்திருப்பதாகப் பெருமையாகச் சொன்னபோது அவள் சிரித்தாள்.

"ஷெட்டு மழைக்கு ஒதுங்கத்தான்க்கா. பள்ளம்தான் அதுக்கு வீடு. மேல வெயில் கொளுத்துனாலும் உள்ள ஜில்லுன்னு ஈரமா இருக்கும். அந்த ஈரம் இல்லன்னா உடம்பு காஞ்சு உள்ள கல்லு சேர்ந்துடும். தோண்ட விடுங்க, தடுக்காதீங்க. மழைத் தண்ணி மட்டும் உள்ள போகாம வாயிலே மண்ணு மேடு போடுங்க."

வனஜா தடுக்கவில்லை. லீவு நாட்களில் முருங்கை நிழலில் பிளாஸ்டிக் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து வேடிக்கை பார்த்தாள். துரை முன்னங்கால் இரண்டாலும் மாற்றி மாற்றிப் பறண்டும். மண் சேர்ந்ததும் திரும்பி நின்று அதை நெஞ்சால் தள்ளிக்கொண்டு வெளியே வரும். காய்ந்த வெட்டவெளியில் ஒருநாளும் கை வைக்காது. ஈரமும் நிழலும் வேண்டும், தலைக்கு மேல் கூரை மாதிரிக் கெட்டியாக ஏதாவது வேண்டும். பள்ளம் சரிவாக இறங்கி, கல் வந்தால் ஒதுங்கி, இடது பக்கம் வளைந்து முருங்கை வேருக்குக் கீழே போயிற்று. ஒரு நீளக் கம்பை விட்டுப் பார்த்து அந்த வளைவை அவள் தெரிந்துகொண்டிருந்தாள். முடிவில் உடம்பைத் திருப்புகிற அளவுக்கு ஓர் அறை. வேலைக்குப் போய் வந்து பள்ளத்து வாயில் முருங்கைக் கீரையை வைத்துவிட்டு, "துரை, ஊட்ல கீறியா?" என்பாள். கொஞ்ச நேரத்தில் உள்ளேயிருந்து ஓடு உரசுகிற சத்தம் கேட்கும்.

இளங்கோவுக்கு இது கண்ணில் விழுந்த தூசி மாதிரி இருந்தது. டிராவல்ஸ் நடத்துகிறவன். வண்டிகளைத் தெருவில் விட்டு ராத்திரியெல்லாம் பதறிக்கொண்டிருந்தான். பின்பக்கத்துக்குக் கான்கிரீட் போட்டால் பக்கத்துச் சந்து வழியாக வண்டியை உள்ளே விடலாம்.

"அண்ணி, ஆமை ஊட்டுக்கு ஆவாது. அது வந்ததுல இருந்து எனக்கு ஒரு சவாரி ஒழுங்கா அமையல. எங்கியாவது குடுத்துடுங்க."

"பொது எடம் இளங்கோ. உனக்கு பாதி, எனக்கு பாதி. என் பாதில அது இருந்துட்டுப் போவுது."

அவன் தலையை ஆட்டிவிட்டு மாடியேறினான்.

காஞ்சிபுரத்தில் ஒரு கல்யாணம். வனஜாவும் ஜெயராமனும் போய்விட்டு மறுநாள் மாலை திரும்பினார்கள். பின்கதவைத் திறந்தபோது மண்ணைக் காணோம். சுவரிலிருந்து முருங்கை வரைக்கும் சாம்பல் நிறத்தில் தளம். மேலே ஈரச் சாக்கு விரித்திருந்தது. துவைக்கிற கல் ஒரு மூலையில் புரண்டு கிடந்தது.

"துரை எங்க?"

மாடிப் படியில் நின்றபடியே இளங்கோ சொன்னான்: "கேட்டு தொறந்து கெடந்துச்சு அண்ணி. எங்கியாவது போயிருக்கும்."

அவள் அவன் முகத்தைப் பார்த்தாள். அவன் பார்வையை மாற்றிக்கொண்டான். ஜெயராமன், "வுடு வனஜா, காலைல தேடலாம்" என்றான். அவள் கல்யாணப் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு கடப்பாரையை எடுத்தாள்.

பள்ளத்தின் வாய் இருந்த இடத்தில் அவள் தோண்டவில்லை. அங்கே இடிபாட்டுக் குப்பையைக் கொட்டி அடைத்திருப்பார்கள். வளைவு போய் முடிகிற இடம் முருங்கைக்கு அந்தப் பக்கம், தளத்துக்கு வெளியே. அங்கே குத்தினாள். வேரை வெட்டி, மண்ணைக் கையால் வாரிப் போட்டாள். ஜெயராமன் சும்மா நிற்க முடியாமல் மண்வெட்டியோடு வந்தான். கை விட்ட இடத்தில் ஓடு தட்டுப்பட்டது. வெளியே இழுத்தபோது துரை காலை அசைத்தது. முகம் முழுக்க சிமெண்ட் பால் ஒழுகி இறுகியிருந்தது.

ஷிபா கழுவிக் கழுவிப் பார்த்தாள். இடது கண் பிழைத்தது. வலது கண் சிமெண்டில் வெந்துபோயிருந்தது.

தளம் போட்ட கொத்தனார் தங்கராஜ் தெரு முனையில்தான் இருந்தார். வனஜா போய்க் கேட்டாள். அவர் துண்டைத் தோளிலிருந்து எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார்.

"உள்ளார ஏதோ அசையுது சார்னு சொன்னேம்மா. அவருதான், நீ பாட்டுக்கு ஊத்துன்னாரு. கம்பி கூட கட்ட வுடல, சீக்கிரம் முடி, அவங்க வந்துடுவாங்கன்னு ஒரே அவசரம்."

வனஜா வீட்டுக்கு வந்து உலை வைத்தாள். அன்றைக்கு அவளுக்குள் உட்கார்ந்தது எழுந்திருக்கவே இல்லை. மாத்திரை அட்டைகளைச் சரிபார்க்கும்போதும், மின்சார ரயிலில் தொங்கிக்கொண்டு வரும்போதும் அதையே மென்றுகொண்டிருந்தாள். தெரிந்தே ஊற்றினான். அசைகிறது என்று ஒருத்தர் சொல்லியும் ஊற்றச் சொன்னான். இளங்கோ மன்னிப்புக் கேட்கக் கீழே வந்தபோது காபி கொடுத்தாள். "போனது போச்சு, தம்பி" என்றாள். அவனுக்கு நிம்மதியாகிவிட்டது. அடுத்த மாதமே புத்தம் புதிதாக, பெரிய வெள்ளை வண்டி ஒன்று தளத்தின் மேல் வந்து நின்றது.

வனஜா தளத்தின் ஓரமாகச் செம்பருத்தி வைத்தாள். துரைக்கு அந்த இலை என்றால் உயிர். காலையும் மாலையும் செடிக்கு என்று குடம் குடமாகத் தண்ணீர் விட்டாள். தளத்தின் விளிம்பை ஒட்டி ஒரு பலகையைச் சாய்த்து வைத்து, கீழே மண்ணைக் கொஞ்சம் கிளறிவிட்டாள். ஈரம் இருந்தது, நிழல் இருந்தது. தலைக்கு மேலே ஊரில் கிடைக்காத கெட்டிக் கூரையும் இருந்தது. துரை ஒற்றைக் கண்ணால் அந்த இடத்தைப் பார்த்தது. மோந்தது. காலை வைத்தது.

கோடை முழுக்க அது தோண்டியது. அது தள்ளிய மண்ணை வனஜா இரும்புப் பாண்டில் அள்ளிக்கொண்டு போய்த் தெருக்கோடிக் காலிமனையில் கொட்டினாள். ஒவ்வொரு பாண்டும் தலையில் ஏறும்போது அவளுக்கு இனித்தது. எதிரே வருகிற இளங்கோவிடம், "வண்டி நல்லா பளபளன்னு வச்சிகிறியே" என்று சிரித்தாள். பழைய பள்ளத்தை விட இது பெரிது. சுவரோரமாகப் போய், திரும்பி, வண்டியின் பின்சக்கரம் நிற்கிற இடத்துக்கு நேர் கீழே அறையாக விரிந்தது. கம்பு விட்டுப் பார்த்து அதையும் தெரிந்துகொண்டாள்.

ஒருநாள் ஜெயராமன் அவள் பின்னாலேயே காலிமனைக்கு வந்து நின்றான். "இன்னா பண்ணிகினு கீற நீ?"

"ஆமை தோண்டுது. நான் இன்னா பண்ணேன்?"

அவன் மண்குவியலைப் பார்த்தான், அவளைப் பார்த்தான். பாண்டை வாங்கித் தன் இடுப்பில் வைத்துக்கொண்டு வீட்டுக்கு நடந்தான். தம்பியிடம் எதுவும் சொல்லவில்லை.

இளங்கோ வண்டி எடுப்பது விடியற்காலையில். முந்தின மாலையே துரையைத் தூக்கித் தகர ஷெட்டில் அடைத்து வைப்பது வனஜாவின் வழக்கம். அவன் போன பிறகு திறந்துவிடுவாள். விழுவது வண்டியாக மட்டும்தான் இருக்க வேண்டும் என்று அவ்வளவு கவனமாக இருந்தாள்.

முதல் மழை பெய்து ஓய்ந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை. விடிகாலையில் வண்டி நகரவில்லை. லீவு என்று நினைத்து அவளும் துரையைத் திறந்துவிட்டாள். மழை ஈரத்தில் அது நேராக உள்ளே போய்விட்டது. காலை டிபன் முடிந்து இளங்கோ குடும்பத்தோடு திருவேற்காடு கோயிலுக்குக் கிளம்பினான். வண்டியைப் பின்னால் எடுத்தான்.

பாறை பிளக்கிற மாதிரி ஒரு சத்தம். வனஜா சமையலறை ஜன்னலுக்கு ஓடினாள். வெள்ளை வண்டி குண்டி குத்தி உட்கார்ந்திருந்தது. பின்சக்கரம் இரண்டும் தளத்துக்குள், முகப்பு வானத்தைப் பார்த்தபடி. உள்ளே இளங்கோ கத்திக்கொண்டிருந்தான். வனஜாவுக்குச் சிரிப்பு வந்தது. வயிறு குலுங்க, ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வரச் சிரித்தாள். எத்தனை மாதச் சிரிப்பு!

கண்ணைத் துடைக்கும்போதுதான் ஷெட்டின் கதவு கண்ணில் பட்டது. திறந்து கிடந்தது.

அதன் பிறகு அவள் எப்படிப் பின்பக்கம் போனாள் என்பது அவளுக்கே நினைவில்லை. தளத்தின் விளிம்பில் குப்புறப் படுத்துப் பள்ளத்துக்குள் கையை விட்டாள். உடைந்த கான்கிரீட்தான் கைக்கு வந்தது. ரெக்கவரி வண்டிக்காரர்கள் வந்து சங்கிலியை மாட்டி முன்னால் இழுக்கப் பார்த்தார்கள். இழுத்தால் சக்கரம் கீழே கிடப்பதை அரைத்துக்கொண்டுதான் ஏறும். வனஜா வண்டிக்கு முன்னால் போய் நின்றாள்.

"இழுக்காத! தூக்கு! தூக்கி எடு!"

அந்தத் தெரு அவள் குரல் உயர்ந்து கேட்டது அதுதான் முதல் தடவை.

"என் வண்டி அண்ணி! ஆமை செத்தா சாவட்டும்!" என்றான் இளங்கோ.

"இந்த வாட்டி எம்மேலதான் ஏத்தணும், ஏத்து."

ஜெயராமன் வந்து அவள் பக்கத்தில் நின்றான். ரெக்கவரிக்காரர்கள் முணுமுணுத்துக்கொண்டே கிரேன் கொண்டுவர ஆள் அனுப்பினார்கள். வண்டி மேலே எழும்பியதும், சத்தம் கேட்டு வந்திருந்த தங்கராஜும் ஜெயராமனும் பாளம் பாளமாகக் கான்கிரீட்டைப் புரட்டினார்கள். துரை அறையின் கோடியில், சுவரோடு ஒட்டிக் கிடந்தது. பின்பக்க ஓடு பிளந்திருந்தது. வனஜா அதை மடியில் வைத்துக்கொண்டு ஆட்டோவில் பூந்தமல்லிக்குப் போனாள்.

ஷிபா பிளவைச் சுத்தம் செய்து, பசை வைத்து மூடினாள். கையுறையைக் கழற்றிக்கொண்டே கேட்டாள்: "ரெண்டாவது தடவக்கா. இந்தத் தடவ யாரு?"

"நான்தான்" என்றாள் வனஜா.

ஷிபா மருந்துச் சீட்டை எழுதினாள்.

இளங்கோ போலீசில் சொல்லி, ஏட்டு ஒருவர் வந்து பள்ளத்தை எட்டிப் பார்த்தார். உடைந்த தளத்தைக் காலால் புரட்டி, "கம்பியே போடலியா நீங்க?" என்று இளங்கோவைக் கேட்டுவிட்டுப் போய்விட்டார். அந்த வருடமே அவன் நசரத்பேட்டையில் கார் நிறுத்த இடம் உள்ள பிளாட் ஒன்றைப் பார்த்துக்கொண்டு மாடியைக் காலி செய்தான்.

மிச்சத் தளத்தை வனஜா பெயர்த்தெடுக்கச் செய்தாள். சுவரோரமெல்லாம் ஆழமாக ஹாலோ பிளாக் கல் இறக்கி, துரை அஸ்திவாரத்துக்கோ சாலைக்கோ போகாமல் அடைத்தாள். மழைத் தண்ணீர் ஏறாத உயரத்துக்கு நடுவில் செம்மண் மேடு போட்டாள். மேலே வண்டி, ஆள், ஒன்றும் வராத மேடு. ஓடு கூடுகிற வரைக்கும் துரையை வீட்டுக்குள் வைத்திருந்து, பிறகு அதன் மேல் விட்டாள். அது உடனே தோண்டவில்லை. அவள் ஸ்டூலில் உட்கார்ந்து காத்திருந்தாள். தன்மேல் அவளுக்கு இருந்த கோபம் அந்த நாட்களில் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் இறங்கியது.

இளங்கோ மேல் இருந்தது இறங்கவில்லை. பிளாட் கிரகப்பிரவேசத்துக்கு அவனே வந்து பத்திரிகை வைத்தான். வனஜா பட்டுப்புடவை கட்டிக்கொண்டு போனாள். பந்தியில் அவனே பக்கத்தில் நின்று பரிமாறினான். கையில் வடைத் தட்டோடு குனிந்து, யாருக்கும் கேட்காத மாதிரிக் கேட்டான்.

"இன்னும் எம்மேல கோவமா கீறீங்களா அண்ணி?"

"ஆமா" என்றாள் வனஜா. "இன்னொரு வட வை."