ஆறாவது வருஷம் அண்ணி காரை விட்டு இறங்கினாள்

செக் நாட்டில் எங்கள் ஸ்லீன் நகரத்தில் பாதிப் பேருக்கு என் அண்ணி ஹெட்விகாவைத் தெரியும். முகத்தை வைத்து இல்லை, முதுகை வைத்து. இருபத்தாறு வருஷமாக வீடு வீடாகப் போய்த் தண்ணீர் மீட்டர் பார்ப்பது அவள் வேலை. கதவைத் திறந்ததும் நேராக நிலவறைக்கு இறங்கிவிடுவாள். உருளைக்கிழங்குப் பெட்டிக்கும் ஓட்டை சைக்கிளுக்கும் பின்னால் குனிந்து, டார்ச் அடித்து எண்ணைப் படித்துக்கொண்டு வெளியே வருவாள். தெருவில் இருக்கிற இரும்பு மூடிகளைக் கொக்கி போட்டுத் தூக்கிப் பார்ப்பாள். எந்த வீட்டில் நாய் கடிக்கும், எந்த வீட்டில் வீட்டுக்காரரே கடிப்பார் என்பதெல்லாம் அவளுக்கு அத்துபடி.

என் அண்ணன் ராதிம் பேருந்துப் பணிமனையில் மேற்பார்வையாளர். வீட்டிலும் அதே உத்தியோகம்தான். கெட்டவன் இல்லை. எல்லாருக்கும் எது நல்லது என்று அவர்களைக் கேட்காமலே தெரிந்து வைத்திருப்பவன், அவ்வளவுதான். அவர்களுக்கு ரோசாலி என்று பதினாறு வயதில் ஒரு மகள். என் விவாகரத்துக்குப் பிறகு என்னையும் சேர்த்துக்கொண்டார்கள். மார்ச் மாதப் பள்ளி விடுமுறையில் நாங்கள் நான்கு பேரும் ஒரே காரில் வடக்கே மலைக்குப் போவோம்.

மலைக்குப் போவோமே தவிர, பனியில் சறுக்குவது மூன்று பேர்தான். கல்யாணமான புதிதில் அண்ணியும் ஒருமுறை முயற்சி செய்தாள். மேலே இழுத்துப் போகிற கம்பியில் ஏறி, பாதி வழியில் விழுந்து, கோட்டு கொக்கியில் மாட்டிக்கொள்ள, இருபது மீட்டர் அப்படியே தரதரவென்று போனாள். கம்பியை நிறுத்தித்தான் எடுத்தார்கள். இந்தக் கதையை அண்ணன் வருஷா வருஷம் சொல்வான். முதல் தடவை சொன்னபோது கீழே காத்திருந்தவர்கள் பத்துப் பேர். இந்த வருஷம் எழுபது பேரும் ஒரு பாதிரியாரும் நின்றார்கள். எங்களோடு சேர்ந்து அண்ணியும் சிரிப்பாள்.

நாங்கள் சறுக்குகிற நேரத்தில் அவள் விடுதியில் உட்கார்ந்து காலுறை காயவைக்கிறாள் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். போன வருஷம் என் காலணிப் பூட்டு உடைந்து, மேட்டில் இருக்கிற சிற்றுண்டி வீடு வரை நடந்தே ஏறினேன். அங்கே வெளியே பெஞ்சில், தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, புளித்த மாவு சூப்பை ஊதி ஊதிக் குடித்துக்கொண்டிருந்தாள் அண்ணி.

"என்ன அண்ணி, இங்க எப்படி வந்தீங்க?"

"கால் இருக்கே. தினமும்தான் வரேன்."

"தினமுமா? ரெண்டு மணி நேர ஏத்தமாச்சே."

"வருஷம் பூரா என் மூக்குக்கு முன்னாடி ரெண்டடியில ஒரு மீட்டர். இங்க உட்கார்ந்தா போலந்து வரைக்கும் தெரியுது. இந்த ஒரு வாரத்தை நெனச்சுத்தான் மத்த அம்பத்தோரு வாரத்தையும் ஓட்டறேன். வீட்ல சொல்லிடாத. அப்புறம் அவனும் கூட வரேன்னு கிளம்பிடுவான்."

நான் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் இந்த வருஷம் நடந்தது நடந்திருக்காது.

வெள்ளிக்கிழமை மாலை, கடைசி நாள். விடுதிச் சமையலறையில் அண்ணி மறுநாள் பயணத்துக்கு ரீசெக் செய்துகொண்டிருந்தாள். பன்றிக்கறியைத் தட்டித் தட்டித் தட்டையாக்கி, ரொட்டித்தூளில் புரட்டிப் பொரிக்க வேண்டும். அது இல்லாமல் எங்கள் ஆட்கள் யாரும் காரை எடுக்க மாட்டார்கள். அண்ணன் போனைத் தூக்கிக்கொண்டு வந்தான்.

"அடுத்த வருஷம் ஆஸ்திரியா. மூவாயிரம் மீட்டர் உயரம், பாரு. மூணு பேருக்கு அறை பாத்துட்டேன்."

"மூணு பேரா?" என்று கேட்டது நான்தான்.

"ஹெட்விக்கு எதுக்கு இந்த அலைச்சல்? ஒரு வாரம் வீடு பூரா அவளுக்கு. சமையல் இல்ல, எங்க பூட்ஸைக் காயவைக்கிற வேலை இல்ல. ராணி மாதிரி இருக்கலாம்."

"ஆமாம்மா. நீதான் சறுக்கறதே இல்லையே," என்றாள் ரோசாலி, போனிலிருந்து கண்ணை எடுக்காமல்.

சத்தியமாக அவர்கள் அதைப் பரிசாக நினைத்துத்தான் சொன்னார்கள். அண்ணி சுத்தியலை நிறுத்தினாள்.

"எப்ப உறுதி பண்ணணும்?"

"திங்கட்கிழமை."

அவள் மறுபடி தட்ட ஆரம்பித்தாள். அந்தத் துண்டின் வழியாகச் செய்தித்தாள் படிக்கலாம் போல ஆகிவிட்டது. நான் வாயைத் திறக்கவில்லை. மூன்று பேரில் நானும் ஒருத்தி இல்லையா? ஆஸ்திரியா எனக்கும் இனித்தது. இதைச் சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது.

சனிக்கிழமை காலை கிளம்பினோம். வீடு திரும்பும் வழியில் அண்ணனுக்கு இன்னொரு பைத்தியம் உண்டு. ஜியோகேஷிங். யாரோ ஒரு பெட்டியை ஒளித்துவைத்து, இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகையை இணையத்தில் போடுவார்கள். நீங்கள் போனைப் பிடித்துக்கொண்டு தேடிப்போய், உள்ளே இருக்கும் தாளில் கையெழுத்துப் போட்டு, இருந்த மாதிரியே வைத்துவிட்டு வரவேண்டும். அண்ணன் இரண்டாயிரத்துக்கு மேல் கண்டுபிடித்திருக்கிறான். அதில் அவனுக்கு ஒரு சட்டம். கண்டுபிடித்தவன் வாயைத் திறக்கக் கூடாது. ஒருமுறை நான் உட்கார்ந்திருந்த பெஞ்சுக்கு அடியிலேயே பெட்டி இருந்தது. ஒரு மணி நேரம் தேடினேன், பாவி சொல்லவே இல்லை.

அப்பேர்ப்பட்டவனின் மூக்கை உடைத்த பெட்டி ஒன்று உண்டு. த்ருட்னொவ் ஊரைத் தாண்டி லிபோவா என்கிற சின்ன கிராமத்தில், பழைய தீயணைப்புக் கொட்டகைக்கும் ஓடைக்கும் இடையில். ஐந்து வருஷம் ஐந்து தடவை இறங்கித் தேடி, ஐந்து தடவையும் "கிடைக்கவில்லை" என்று இணையத்தில் எழுதியிருக்கிறான். ஒளித்தவர் கொடுத்த துப்பு ஒரே வரி: "பார்க்கிறாய், படிப்பதில்லை." அந்த வரியை அண்ணன் தூக்கத்தில்கூடச் சொல்லுவான் என்று அண்ணி சொல்லியிருக்கிறாள்.

ஒவ்வொரு வருஷமும் ஓடைப் பாலத்துக்கு அந்தப் பக்கம் நிறுத்துவோம். அண்ணி சாப்பாட்டுக் கூடையை மடியில் வைத்துக்கொண்டு காரிலேயே இருப்பாள். இந்த வருஷம் அங்கே வழித்துக் கொட்டிய பனி ஆள் உயரத்துக்குக் குவிந்து கிடந்தது. அதனால் கொட்டகையின் முற்றத்தில், சுவரைப் பார்த்து நிறுத்தினோம். ஓடை எங்களுக்குப் பின்னால்.

"நீ உட்காரு ஹெட்வி, கால் ஈரமாயிடும்," என்று சொல்லிவிட்டு அண்ணன் இறங்கினான். குச்சியில் கட்டிய கண்ணாடி, கயிற்றில் கட்டிய காந்தம் என்று சகல ஆயுதங்களோடும் பாலத்துக்குப் போனான். பின்னால் ரோசாலி. எனக்கு வியாழக்கிழமை விழுந்ததில் முட்டி வீங்கியிருந்தது, நகரவில்லை.

அண்ணி சுவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். கொஞ்ச நேரம் கழித்துச் சொன்னாள்.

"யிட்கா, அந்தப் பலகை பொய் சொல்லுது."

"எந்தப் பலகை?"

கை அகலத்துக்கு ஒரு சிவப்புத் தகடு. எங்கள் ஊரில் தெருவுக்கு இரண்டு இருக்கும். மேலே ஒரு எழுத்து, கீழே சில எண்கள். நாற்பத்தாறு வருஷத்தில் அதில் ஒன்றைக்கூட நான் படித்ததில்லை.

"தீயணைப்புக் குழாய் எங்க இருக்குன்னு சொல்றது அது. பனி மூடினாலும் தேடி எடுக்கணும்ல. சுவத்துலேருந்து நேரா ஒம்பது புள்ளி மூணு, வலப்பக்கம் ரெண்டு புள்ளி நாலு மீட்டர்னு போட்டிருக்கு. திரும்பிப் பாரு, அது எங்க வருதுன்னு."

திரும்பிப் பார்த்தேன். அந்த இடம் ஓடையின் நட்ட நடு, பனிக்கட்டிக்கு அடியில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது.

"ஓடைக்கு நடுவுல எவன் குழாய் வைப்பான்? மீன் வீட்டுல தீப்பிடிச்சா அணைக்கவா?"

சொல்லிவிட்டுக் கூடையை என் மடிக்கு மாற்றினாள். கதவைத் திறந்தாள். ஆறு வருஷத்தில் அன்றுதான் அந்த ஊர் மண்ணில் அவள் கால் பட்டது.

நேராகச் சுவருக்குப் போனாள். கையுறையைக் கழற்றி, தகட்டின் ஓரத்தை ஒரு விரலால் நெம்பினாள். திருகாணிகள் ஒட்டவைத்த வெறும் தலைகள். தகடு காந்தத்தில் ஒட்டியிருந்தது, கழன்று கையோடு வந்தது. அதன் முதுகில் ஒரு பிளாஸ்டிக் உறை, உறைக்குள் மடித்த தாள். அண்ணி பேனா வைத்துக்கொள்வதில்லை, குளிரில் உறைந்துவிடும் என்று எப்போதும் பென்சில்தான். தாளைத் தொடையில் வைத்து எழுதினாள். இருந்தபடியே மடித்து, தகட்டை மாட்டி, இரண்டடி பின்னால் நின்று சாய்வு பார்த்து, ஒரு மயிரிழை நிமிர்த்தினாள். எல்லாம் இரண்டு நிமிஷம்.

காருக்குள் வந்து உட்கார்ந்தாள்.

"என்ன பேர் போட்டீங்க? குடும்பப் பேரா?"

"ஹெட்விகான்னு போட்டேன். குடும்பமா கண்டுபிடிச்சது?" அப்புறம் என் பக்கம் திரும்பினாள். "நீ எதையும் பாக்கல."

"எதை?" என்றேன்.

அவள் கூடையைத் திறந்து, ஒரு ரீசெக்கை ரொட்டிக்குள் வைத்துக் கடித்தாள். எல்லாருக்கும் கொடுத்துவிட்டுக் கடைசியில் சாப்பிடுகிறவள், அன்று முதல் ஆளாகச் சாப்பிட்டாள். எனக்குக் கையைத் தட்ட வேண்டும் போல இருந்தது.

அங்கே பாலத்தில் கூத்து நடந்துகொண்டிருந்தது. நாயோடு வந்த ஊர்க்காரர் ஒருவர், என்ன தேடுகிறீர்கள் என்று கேட்டிருக்கிறார். வெளியாளிடம் பெட்டி விஷயத்தைச் சொல்லக் கூடாது என்பதால் அண்ணன் கார் சாவி என்று சொல்லிவிட்டான். அந்த நல்ல மனிதர் கையில் கிளையை எடுத்துக்கொண்டு தானும் சேர்ந்து கால் மணி நேரம் சாவி தேடினார். நாயும் தேடியது. கடைசியில் அவரைக் கழற்றிவிடுவதற்காக அண்ணன் தன் பையிலிருந்தே சாவியை எடுத்துக் காட்ட, அவர் முறைத்துவிட்டுப் போனாராம்.

முட்டிவரை நனைந்து அண்ணன் திரும்பினான். ஓட்டுகிற இருக்கையில் தொப்பென்று விழுந்தான்.

"ஆறாவது தடவை. பெட்டியே கிடையாது. எவனோ தூக்கிட்டுப் போயிட்டான். அப்படியே எழுதிடறேன்."

"எழுதாத. இருக்கு," என்றாள் அண்ணி. "நான் கையெழுத்துப் போட்டுட்டேன்."

அண்ணன் சிரித்தான். "வயித்தெரிச்சல்ல இருக்கேன் ஹெட்வி, வெளையாடாத."

"எனக்கு முன்னாடி போட்டது ஜனவரி ஒம்பதாம் தேதி. ரெண்டு பேரு. பக்கத்துல முள்ளம்பன்றி படம் போட்டிருக்காங்க."

அண்ணன் போனை எடுத்து இணையப் பக்கத்தைத் தள்ளினான். கடைசியாகக் கண்டுபிடித்தவர்கள், ஜனவரி ஒன்பது, 'இரண்டு முள்ளம்பன்றிகள்'. அவன் முகத்தில் ஈயாடவில்லை.

"அம்மா, நீயா?" என்று ரோசாலி இருக்கைகளுக்கு நடுவில் தலையை நுழைத்தாள். "கார்லயே உட்கார்ந்துக்கிட்டேவா?"

"இறங்கினேன். ரெண்டு நிமிஷம்."

"எங்க இருந்துச்சு?" என்றான் அண்ணன்.

"கண்டுபிடிச்சவங்க வாயைத் தொறக்கக் கூடாது. யார் போட்ட சட்டம் அது?"

அண்ணன் என் பக்கம் திரும்பினான். "யிட்கா, நீ பாத்தியாடி?"

"முட்டி வலி. கண்ணை மூடிக்கிட்டு இருந்தேன்."

அவன் கதவில் கை வைத்தான், கடிகாரத்தைப் பார்த்தான், கையை எடுத்தான். சாயங்காலம் பணிமனையில் அவனுக்கு வேலை முறை இருந்தது. ஸ்லீன் இன்னும் நாலு மணி நேரம். ஆனால் அவன் பார்த்துக்கொண்டிருந்தது பாலத்தை இல்லை, அண்ணியை. பக்கத்து வீட்டில் புதிதாகக் குடிவந்தவளைப் பார்ப்பதுபோலப் பார்த்தான். அவள் மென்றுகொண்டிருந்தாள்.

"சரி, அடுத்த வருஷம் பாத்துக்கறேன்," என்றான்.

"ஆஸ்திரியா ரோடு இந்தப் பக்கம் வராதே," என்றாள் அண்ணி.

ரோசாலிதான் முதலில் சிரித்தாள், அம்மா பக்கம் சேர்ந்துகொண்டு. அண்ணன் காதுமடல் சிவந்தது. அவனையும் சொல்ல வேண்டும், தோல்வியை இழுத்துக்கொண்டு திரிகிறவன் இல்லை. "ஆஸ்திரியா எங்கயும் ஓடிப்போயிடாது," என்று முணுமுணுத்துவிட்டு, விடுதிக்காரம்மாவுக்கே போன் போட்டான். எல்லாருக்கும் கேட்கிற மாதிரி ஒலிபெருக்கியில்.

"அம்மா, நாங்கதான், காலையில கிளம்பினோமே. அடுத்த வருஷம் இதே வாரம் பெரிய அறை வேணும். நாலு படுக்கை."

"பெரிய அறை இருக்கு," என்றார் அந்த அம்மா. "ஆனா நாலு எதுக்கு? உங்க வீட்டம்மா காலையில சாவி கொடுக்கறப்பவே மாடி சின்ன அறையை எடுத்துட்டாங்களே, தனக்கு மட்டும்னு. வெறும் பேச்சு இல்ல, பேர் எழுதியாச்சு."

அண்ணன் மெல்லத் திரும்பினான். "காலையிலேயேவா? எங்கிட்ட ஒரு வார்த்தை கேக்கலையே."

"நீ என்னைக் கேட்டுட்டா மூணு பேருக்கு அறை பாத்த?"

அவள் குரலை உயர்த்தவில்லை. ரொட்டித்தூளை மடியிலிருந்து தட்டிவிட்டாள். நேற்று மாலை நாங்கள் மூன்று பேரும் சேர்ந்து அவளை வீட்டில் விட்டுவிட்டோம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அவள் எங்களையெல்லாம் விட்டுவிட்டு மலைக்கு வரத் தயாராக இருந்திருக்கிறாள்.

"ஹலோ, இருக்கீங்களா?" என்றது போன். "எத்தனை படுக்கை போடட்டும்?"

அண்ணன் போனை வாய்க்குக் கிட்டே கொண்டுபோனான்.

"மூணு போதும்மா," என்றான்.