சம்மதம் யாரிடம் கேட்பது

தங்கச்சிக்குக் கண் தெரியாது. அவளுடைய கலியாண எழுத்துக்காக, அதுதான் பதிவுக்காக, அவளோடு ஊர்காவற்றுறைக்குப் பஸ்ஸில் போகும்போது எனக்கு ஒரே யோசனை. கண் தெரியாதவளுக்கு எழுத்து ஏலாது என்று பதிவுகாரர் சொல்லிவிட்டால்? ஐந்தாம் வகுப்போடு நின்றவன் நான், என்னத்தைப் பேசுவது?

பதிவுகாரர் என்னைப் பார்த்து, “தங்கச்சிக்குச் சம்மதமோ?” என்று கேட்டார்.

நான் தொண்டையைச் செருமுவதற்குள் அவள் முந்திக்கொண்டாள்.

“ஐயா, கண்தான் தெரியாது. வாய் இருக்கு. கட்டப்போறதும் அண்ணையில்லை.”

அவர் சிரித்துக்கொண்டே தான் இருந்த கதிரையை அவள் பக்கம் திருப்பிப்போட்டு, அவளிடமே கேட்டார்.

“ஓம்” என்றாள், துறைமுகம் வரைக்கும் கேட்கிற மாதிரி.

“இந்த வாயைப் பற்றி எனக்கு ஒருத்தரும் சொல்லேல்லையே” என்றார் பக்கத்தில் இருந்த மாப்பிள்ளை.

நானும் அவளும் வீட்டுக்குத் திரும்பும்போது பஸ் கொண்டக்டர் என்னிடம், “இவ எங்கை இறங்கிறா?” என்றார்.

“அவவையே கேளும்” என்றேன்.

அவளுடைய சிரிப்பு அடங்குவதற்குள் எங்கள் ஊரான சுருவில் வந்துவிட்டது.