பின்னால் மிதித்தால் நிற்கும் சைக்கிள்

நன்றாக ஓடிக்கொண்டிருந்த ஒரு சைக்கிளை எங்கள் மாமா ரிப்பேர் செய்தார். அதற்காக அவரை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அப்போது எனக்குப் பதினோரு வயது. இத்தனை வருஷம் கழித்து நினைத்தாலும் வயிறு எரிகிறது.

யுத்தம் முடிந்த மறு வருஷம் அது. எங்கள் வீடு கே.ஜி.கண்டிகையில். பட்டாளத்தில் லாரி ஓட்டிவிட்டு பர்மாப் பக்கத்திலிருந்து திரும்பிய என் அத்தை மகன் எங்களோடு தங்கியிருந்தார். அவரை நாங்கள் பாவா என்போம், அப்பாவை நைனா என்போம். பொதட்டூர்பேட்டை நூல் வியாபாரி ஒருவரிடம் அவருக்கு வேலை. சைக்கிளில் போய் நெசவுக்காரர் வீடுகளுக்கு நூல் கொடுத்துவிட்டு, நெய்து வைத்த துணியை வாங்கி வருவார். அவருக்கும் என் அக்காவுக்கும் தை மாதம் கல்யாணம் என்று நைனா பேசி முடித்திருந்தார்.

மாமா என்றது அம்மாவின் தம்பியை. அக்கா பிறந்த நாளிலிருந்து அவள் தனக்குத்தான் என்று நினைத்திருந்தவர். நைனா தன் தங்கை மகனுக்குக் கொடுப்பதாகச் சொன்னபோது அவர் எதிர்த்து எதுவும் பேசவில்லை. எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வருவதையும் நிறுத்தவில்லை.

பாவாவின் சைக்கிள் அமெரிக்காக்காரன் செய்தது. பட்டாளத்துச் சாமான்களை மெட்ராஸில் ஏலம் விட்டபோது எடுத்தது. கைப்பிடியில் பிரேக்கே கிடையாது. பெடலைப் பின்பக்கமாக மிதித்தால் சக்கரம் நின்றுவிடும். ஒரு நாள் பாவா பின்சக்கரத்தின் நடுக்குடத்தைத் திறந்து, உள்ளே இருந்தவற்றை ஒரு சாக்கின் மேல் வரிசையாக வைத்தார். நான் மண்ணெண்ணெய்க் கிண்ணத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அரைவட்டமாக இரண்டு இரும்புத் துண்டுகள் இருந்தன. முன்னால் மிதிக்கும்போது அவை சும்மா கிடக்கும், பின்னால் மிதித்தால் விரிந்து குடத்தின் உள்சுவரை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும் என்று காட்டினார். எனக்கு ஒரே தடவையில் புரிந்தது. திரும்பப் பூட்டும்போது, "இதைக் கொஞ்சம் அழுத்திப் புடி பாப்பா" என்றார். அவருடைய இடது கை விரல்கள் பார்க்க நன்றாகத்தான் இருந்தன. ஆனால் மடங்கவில்லை. முழங்கைக்கு மேல் ஒரு குண்டுத் தழும்பு இருந்தது. அந்தக் கையால் எதையும் இறுக்க முடியாது என்பதை நான் பார்த்தேன். அதை ரகசியம் என்று அவரும் சொல்லவில்லை, எனக்கும் தோன்றவில்லை.

ஆனியில் ஒரு நாள் மாமா கேட்காமல் அந்தச் சைக்கிளை எடுத்துக்கொண்டு போனார். டீக்கடை எதிரில், ஓட்டுகிறவர்கள் விளையாட்டாகச் செய்வது போலப் பெடலைப் பின்னால் சுற்றப் பார்த்தார். சக்கரம் அப்படியே நின்றது. மாமா நிற்கவில்லை. பெஞ்சில் இருந்தவர்கள் சிரித்தார்கள். முட்டியில் ரத்தத்தோடு வந்து, "சக்கரம் ஜாம் ஆவுது. இது பழுதான வண்டி" என்று தீர்ப்புச் சொன்னார்.

அடுத்த வாரம் பாவா தன் அம்மாவைப் பார்க்க நகரிக்கு ரயிலில் போய் இரண்டு நாள் தங்கினார். மாமா அந்த இரண்டு நாளில் பின்சக்கரத்தைக் கழற்றினார். அந்த அரைவட்டத் துண்டுகளை வெளியே எடுத்துப் போட்டுவிட்டு, கிரீஸ் அப்பி மூடினார். நான் பக்கத்திலேயே நின்று, "மாமா, அதான் பிரேக்கு" என்றேன். ஒரு தடவை இல்லை, நாலு தடவை சொன்னேன். "பொட்டப் புள்ளைக்கு சைக்கிளப் பத்தி இன்னா தெரியும், உள்ள போ" என்றார். அம்மாவும் உள்ளே கூப்பிட்டாள். திருத்தணியில் ஒரு கடையிலிருந்து பழைய கைப்பிரேக் ஒன்று வாங்கி வந்து மாட்டினார். அவருக்குக் கிடைத்தது இடது கைப் பக்கத்துக்கான ஒன்றே ஒன்று.

பாவா திரும்பி வந்தபோது நைனா, அம்மா, அக்கா எல்லோரும் இருந்தார்கள். மாமா பெடலைப் பின்னால் சுற்றிக் காட்டினார். அது ராட்டினம் போலச் சுற்றியது. "இப்போ எல்லாரு வண்டி மாதிரி ஆயிடிச்சி" என்றார். நைனா கூட மெச்சினார். பாவா அந்தக் கைப்பிரேக்கையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "ஆங், நல்லா கீதுங்க" என்றார். எனக்கு அவர் மேலும் கோபம் வந்தது. சட்டையைப் பிடித்துக் கேட்கவேண்டியவர் நல்லா இருக்கிறது என்கிறாரே என்று.

கழற்றிப் போட்ட துண்டுகளைத் தேடினேன். பழைய இரும்போடு சேர்த்து மாமா தூக்கிக் கொடுத்துவிட்டிருந்தார்.

அதற்குப் பிறகு பாவா மேட்டிலிருந்து இறங்கும் இடங்களிலெல்லாம் சைக்கிளைத் தள்ளிக்கொண்டே போனார். சமதரையில் செருப்பைத் தரையில் தேய்த்து நிறுத்தினார். ஒரு மாதத்தில் இரண்டு ஜோடிச் செருப்பு தேய்ந்தது.

ஆடிக் கிருத்திகை வந்தது. அத்தை நகரியிலிருந்து திருத்தணிக்கு ரயிலில் வருகிறாள், போய்க் கூட்டி வா என்று நைனா பாவாவை அனுப்பினார். நானும் கேரியரில் ஏறிக்கொண்டேன். சாலை முழுக்கக் காவடி. மஞ்சள் வேட்டிகளும் மேளமுமாக மலையைப் பார்த்துப் போய்க்கொண்டிருந்தார்கள். நந்தி ஆற்றுப் பக்கம் சாலை இறங்கும் இடத்தில் பாவா வழக்கம்போல இறங்கி நின்றார். அங்கே மாமா தன் கூட்டாளிகளோடு மோர்ப்பந்தலில் இருந்தார்.

"தள்ளிக்கினு போறதுக்கு சைக்கிள் எதுக்குடா மாப்ள? ரயிலு வந்துட்டிருக்கும், ஏறு" என்றார். கூட்டாளிகள் சிரித்தார்கள். பாவா என்னைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளச் சொன்னார். பிறகு ஏறினார்.

பாதிச் சரிவு வரை செருப்பைத் தேய்த்தே சமாளித்தார். பிறகு ஒரு செருப்பு கழன்று போனது. சைக்கிள் வேகம் பிடித்தது. "பின்னால மிதிங்க பாவா" என்று கத்தினேன். மாமா கழற்றியதைப் பார்த்த நானே அதை மறந்து கத்தினேன். அவர் கால்களும் மறந்து பின்னால் மிதித்தன, பெடல்கள் வெறுமனே சுற்றின. அவர் இடது கை கைப்பிரேக்கின் மேல் இருந்தது. விரல்கள் அதைத் தொட்டுக்கொண்டிருந்தன, அவ்வளவுதான். எதிரே ஒரு பெண் தலையில் பால்குடத்தோடு குறுக்கே வந்தாள். பாவா சைக்கிளை ஓரப் பாறைக்குத் திருப்பினார். திருப்பியும் கைப்பிடி அவளை இடித்துவிட்டது. குடம் விழுந்து பால் சாலையில் ஓடியது. எனக்கு முழங்கையில் சிராய்ப்பு. பாவாவுக்கு மண்டை கிழிந்து இரண்டு பல் போனது, வலது தோள்பட்டை இறங்கிவிட்டது.

அன்று மத்தியானம் அந்தப் பெண்ணின் ஆட்கள் நாலைந்து பேர் எங்கள் வீட்டு வாசலுக்கு வந்தார்கள். சாமிக்கு எடுத்த பால் என்று அவர்களுக்கு ஆறவில்லை. அதற்குள் அத்தையும் வந்து சேர்ந்திருந்தாள். பாவா தலையில் துணிக்கட்டோடு நின்று, "எம்மேலதாங்க தப்பு, கவனிக்காம வந்துட்டேன்" என்றார். மாமா முன்னால் வந்து நின்று, "நான்தான் புது பிரேக்கு போட்டுக் குடுத்தேன். இருக்கற பிரேக்க புடிக்கத் தெரியலன்னா யாரு இன்னா பண்றது" என்றார்.

நான் நெரிசலை விலக்கிக்கொண்டு நடுவில் போய் நின்றேன். "பொய் சொல்றாரு நைனா. கால் பிரேக்க மாமாதான் கழட்டிப் போட்டாரு. பாவாவுக்கு அந்தக் கையில புடிக்க வராது. அவரு எப்படிப் புடிப்பாரு?"

நான் எதிர்பார்த்தது, எல்லோரும் மாமா பக்கம் திரும்புவார்கள் என்று. எல்லோரும் பாவாவின் கையைப் பார்த்தார்கள்.

நைனா உள்ளே போய்த் தண்ணீர் நிறைந்த ஒரு சொம்பைக் கொண்டுவந்தார். "இந்தக் கையில புடி" என்று நீட்டினார். பாவா பிடித்தார். சொம்பு விழுந்து உருண்டது. அத்தை முகத்தை மூடிக்கொண்டாள்.

"மறைச்சிப் பொண்ணு கேட்டிருக்காங்க, பாத்துக்குங்க" என்றார் மாமா, மெதுவாக, அனுதாபத்தோடு.

அதன் பிறகு அந்த வாசலில் சைக்கிளைப் பற்றி யாரும் பேசவில்லை. கழற்றியது யார், ஏன் கழற்றினார், சின்னப் பெண் நாலு தடவை சொல்லியும் ஏன் கேட்கவில்லை, ஒன்றும் இல்லை. குடம் கவிழ்ந்ததைக் கேட்க வந்தவர்கள்கூட, பாவம், கை விளங்காதவன் என்று சொல்லிவிட்டு நடந்தார்கள். அந்தப் பேச்சு பொதட்டூர்பேட்டைக்கும் போயிற்று. நூல் மூட்டையைக் கீழே போட்டுவிடுவான் என்று வியாபாரி வேறு ஆளை வைத்துக்கொண்டார். பாவா அத்தையோடு நகரிக்குப் போய்விட்டார். போகும்போது என் தலையைத் தொட்டு, "நல்லா படி பாப்பா" என்றார். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

நான் அக்காவுக்காகத்தான் பேசினேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அவள் எட்டு நாள் என்னோடு பேசவில்லை. ஒன்பதாம் நாள் கிணற்றடியில் துணி பிழிந்துகொண்டே, என்னைப் பார்க்காமல் சொன்னாள்.

"அந்தக் கை எனக்குத் தெரியும்டி. வந்த மறுநாளே எங்கிட்ட சொல்லிட்டாரு. தை மாசம் வரைக்கும் வேற யாருக்கும் தெரியாம இருந்திருந்தா போதும்."

"அப்போ மாமாவ யாரு கேக்கறது?" என்றேன் நான்.

அக்கா பிழிந்த புடவையைத் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டாள்.

தை மாதம் கல்யாணம் நடந்தது, பார்த்து வைத்திருந்த அதே முகூர்த்தத்தில். மாமா தாலி கட்டினார். நான் புதுப் பாவாடை கட்டிக்கொண்டு, அக்காவுக்குப் பின்னால் விளக்கைப் பிடித்து நின்றேன். அவள் நிமிரவே இல்லை. வெட்கம் என்று பெண்கள் சொன்னார்கள், நானும் அப்படித்தான் நினைத்தேன். மேளம் முழங்கியபோது என் மனசில் இருந்ததெல்லாம் ஒரே ஒரு ஆத்திரம். அந்தப் பிரேக்கைக் கழற்றியது தப்பு என்று இந்த மனுஷன் வாயால் இன்னும் ஒரு தரம்கூடச் சொல்லவில்லையே என்று.