ஊறுகாய்க் கம்பெனிக்குத் தரை போட்ட கதை

எங்கள் தொழிலில், செய்து முடித்த வேலையை வாடிக்கையாளர் காலால் மிதித்துத்தான் ஏற்றுக்கொள்வார். நான் தென்காசிக்காரன், உணவுக் கம்பெனிகளுக்குத் தரை போடுகிறவன். முறுக்குக் கம்பெனி, சிப்ஸ் கம்பெனி, மாவு மில் என்று நான் மிதி வாங்காத இடமில்லை. தரை போட்டவர்களும், போடச் சொல்லிவிட்டுத் தலையில் கைவைத்து உட்கார்ந்தவர்களும் இதைப் படித்து என்னோடு சேர்ந்து சிரித்துக்கொள்ளலாம். நடந்தது அச்சன்புதூர்ப் பக்கம் ஓர் எலுமிச்சை ஊறுகாய்க் கம்பெனியில்.

முகம் தெரிய வேண்டுமாம்

கம்பெனி முதலாளி சண்முகத்தாய் அக்கா. உப்பும் எலுமிச்சைச் சாறும் சிந்திச் சிந்தி அவருடைய சிமென்ட் தரை அரித்துப் போயிருந்தது. குழிக்குக் குழி சாறு தேங்கி நின்றது. உணவுப் பாதுகாப்பு அதிகாரி பார்த்துவிட்டு, ஒரு மாதத்துக்குள் தரையைச் சரிசெய்யாவிட்டால் லைசென்ஸ் கிடையாது என்று சொல்லிவிட்டார். தரை முடியும்வரை கம்பெனி மூடல். மூடிக் கிடந்தால் அங்கே காய் நறுக்குகிற, கழுவுகிற பதினோரு பெண்களுக்கும் கூலி கிடையாது.

அந்தக் கவலையிலும் அக்காவுக்கு ஓர் ஆசை. தரை கண்ணாடி மாதிரிப் பளபளக்க வேண்டுமாம். எண்ணெய் சிந்துகிற இடத்தில் அப்படிப் போட்டால் முகம் தெரியாது, வழுக்கி விழுந்தவர் முதுகுதான் தெரியும் என்றேன். மணல் தூவிச் சொரசொரப்பாகப் போட்ட மாதிரித் துண்டு ஒன்றைக் கையில் கொடுத்தேன். தடவிப் பார்த்தவர் முகம் சுருங்கிவிட்டது. "இம்புட்டு ரூவா வாங்கிட்டு, அம்மி கொத்துன மாதிரில்லா போட்டுத் தாரிய!"

வாரியலுக்கு வந்த கஷ்டம்

சுவரும் தரையும் சேருகிற மூலையில் அழுக்கு அண்டும் என்பதால் அந்த ஓரத்தை வளைவாகப் பூசிவிடுவோம். கம்பெனி சாவி கோமதியிடம் இருந்தது. அங்கே சுத்தம் பார்க்கிறவள் அவள்தான். ஒரு பொட்டு அழுக்கு கண்ணில் பட்டால் துடைக்காமல் விடமாட்டாள். நான் பூசி முடித்த மூலையில் வாரியலை, அதுதான் துடைப்பத்தை, சாய்த்து வைத்தாள். சரிந்து விழுந்தது. மறுபடி வைத்தாள், மறுபடி விழுந்தது. "மூலைய அடச்சுப்புட்டிய அண்ணாச்சி, இனி வாரியல் எங்கன நிக்கும்?"

பிளாஸ்டிக் தாள்

அது சாரல் காலம். குற்றாலத்தில் தண்ணீர் விழுந்தால் ஊரே துண்டை எடுத்துக்கொண்டு ஓடும். நான் மட்டும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வேன். சிமென்டுக்குள் ஈரம் இருந்தால் நாங்கள் ஊற்றுகிற எபாக்சி என்கிற பிசின் பூச்சு ஒட்டாது. ஈரம் பார்க்க எளிய வழி ஒன்று உண்டு. கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் தாளைத் தரையில் விரித்து, நாலு ஓரத்திலும் டேப் ஒட்டி ஒரு நாள் விட வேண்டும். அடியில் நீர் முத்து கோத்தால் தரை காயவில்லை என்று அர்த்தம். ஒட்டிவிட்டு, போகிற போக்கில் கோமதியிடம், "நாளைக்கு நான் வரும்போது இதுக்கு அடியில ஈரம் இருக்கக் கூடாது" என்று சொல்லிவிட்டுப் போனேன்.

மறுநாள் ஒரு சொட்டு ஈரம் இல்லை. சந்தேகப்பட வேண்டிய நான், சாமி புண்ணியம் என்று தரையைப் போட்டுவிட்டேன். ஐந்தாம் நாள் தரை முழுக்க அப்பளம் பொரித்த மாதிரிக் கொப்புளம். நான் நொந்துபோய் நிற்க, கோமதி பக்கத்தில் வந்து நின்றாள். "நீங்க சொன்ன மாதிரியே அன்னைக்குத் தாள உரிச்சு, ஈரத்த எல்லாம் தொடச்சு, திரும்ப ஒட்டி வச்சேனே அண்ணாச்சி!"

இரண்டாம் தாள்

கோபம் வந்தது. ஆனால் சொன்னவன் நான்; அவள் செய்தாள், அவ்வளவுதான். அத்தனையையும் மெஷின் போட்டு என் செலவில் சுரண்டினேன். கெடுவில் பதினைந்து நாள்தான் மிச்சம். மறுபடி தாள் ஒட்டினேன். இந்த முறை எதற்கென்று கோமதிக்கு உட்கார்ந்து விளக்கினேன்.

தினமும் காலையில் அவள் போன் செய்வாள். முதல் நாள் ஈரம். மூன்றாம் நாளும் ஈரம். வேலை தொடங்கினால்தான் அவளுக்குக் கூலி. "காஞ்சிட்டு" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நான் நம்பியிருப்பேன். அவள் சொல்லவில்லை. நாலாம் நாள் பொறுமை போன அக்கா தாளைத் தூக்கிப் பார்க்கப் போனாராம். கோமதி வாரியலைக் குறுக்கே நீட்டிவிட்டாள். "மொதலாளியா இருந்தாலும் சரிதான்க்கா, அண்ணாச்சி வராம இதுல கை வைக்கக் கூடாது!"

அதிகாரி வந்த அன்று

ஆறாம் நாள் நல்ல வெயில். ஏழாம் நாள் தாளுக்கு அடியில் உண்மையாகவே காய்ந்திருந்தது. தரை போட்டு, இறுகவும் விட்டோம். கெடுவின் கடைசி நாள் அதிகாரி வந்தார். ஒரு வாளித் தண்ணீரை ஊற்றச் சொன்னார். தண்ணீர் எங்கும் தேங்காமல் சரிவின் வாட்டம் பிடித்து ஓடி வடிகாலில் இறங்கியது. வளைந்த ஓரங்களில் விரலால் தேய்த்துப் பார்த்தார். பெண்கள் எல்லோரும் வாசலில் நின்று எட்டி எட்டிப் பார்த்தார்கள். கடைசியில் கையெழுத்துப் போட்டார். அக்காவுக்குக் கண் கலங்கிவிட்டது, எனக்கும்தான்.

கிளம்பும்போது அதிகாரி, தரையில் இருந்த ஈரத்தைக் காட்டி, துடைத்துவிடம்மா என்றார். துணியை எடுத்த கோமதி, துடைக்காமல் என் முகத்தைப் பார்த்தாள். "தொடைக்கலாமா அண்ணாச்சி, இல்ல இதுவும் சோதனையா?"

இத்தனை வருஷத்தில் நான் கற்றது இவ்வளவுதான்: உப்பும் புளிப்பும் தொட முடியாத தரையைக்கூட, போகிற போக்கில் சொன்ன ஒரு பேச்சு உரித்துப் போட்டுவிடும்.