இருபதுக்குப் பதில் முப்பத்திரண்டு

அம்மனை நம்பி வாழும் என் சொந்தங்களே, நான் பன்வில தோட்டத்தில் பிறந்த வயரிங்காரன். பதினெட்டு வருசமாகக் கைப்பழக்கத்திலேயே வேலை செய்தவன். கணக்கு என்றால் காத தூரம் ஓடுவேன்.

லைசன்ஸ் எடுப்பதற்காகப் போன ஐப்பசியில் பேராதனையில் ஞாயிறு வகுப்புக்குப் போனேன். "நீங்க வயரிங் செஞ்ச வீடு ஒண்ண எடுத்துக் கணக்குப் போடுங்க" என்றார் சேர். தெல்தெனியவில் ராத்தா என்று நான் கூப்பிடும் ஒரு முஸ்லிம் அக்கா வீட்டில் நான் பூட்டிய சுடுதண்ணீர் ஹீட்டரை எடுத்தேன். ஐயாயிரத்து ஐந்நூறு வாட்ஸ், இருபத்து நான்கு அம்பியர் இழுக்கும். நான் போட்ட இரண்டரை எம்எம் வயரோ, வேறு வயர்களோடு ஒரே பைப்பில் கிடப்பதால் பத்தொன்பதுதான் தாங்கும்.

முதலில் அங்கே இருபது அம்பியர் பிரேக்கர் இருந்தது. அது அடிக்கடி விழுந்து கரண்ட் நிற்கிறது என்று ராத்தா சொன்னதும், அதைக் கழற்றி முப்பத்திரண்டைப் போட்டுவிட்டு வந்தேன். விழுகிற பிரேக்கருக்குப் பெரிசு போடுவதுதான் எங்கள் ஆட்களின் வைத்தியம். இனி வயரே எரிந்தாலும் அது விழாது! ராத்தாவின் மகள் பிள்ளை பெற்று நாற்பது நாள்கூட ஆகவில்லை. நாள் முழுக்க ஹீட்டர் ஓடும். வகுப்பை விட்டு வெளியே ஓடினேன்.

ராத்தாவுக்குப் போன் அடித்தேன், போகவில்லை. கொட்டும் மழையில் பஸ் ஏறினேன். திகனையைத் தாண்டியதும் ரோட்டுக்குக் குறுக்கே பெரிய மரம்.

"யாரும் எறங்காதீங்க! கரண்ட் வயர் அறுந்து கெடக்கு!" என்று கண்டக்டர் கத்தினார்.

பின்னால் வாகன வரிசை. முன்னாலும் போக முடியாது, பின்னாலும் போக முடியாது. மூன்று மணி நேரம் அடைத்த பஸ்ஸுக்குள் கிடந்தேன். மூச்சு முட்டியது. அந்த மரத்தைத் திட்டினேன். அம்மனையும் திட்டினேன். பிறகு வாய்விட்டு அழுதேன். "தாயே, என் மடத்தனத்துக்கு அந்தப் பச்ச ஒடம்புக்காரிய எரிச்சிடாத. நான் போற வரைக்கும் அந்த ஹீட்டர் ஓடக் கூடாது." பக்கத்தில் இருந்தவர் தள்ளி உட்கார்ந்துகொண்டார்.

வழி திறந்து, நான் போய்ச் சேர்ந்தபோது ராத்தா வாசலில் நின்றார்.

"என்ன தம்பி, இப்பிடி நனஞ்சி வாறீங்க? காலையில இருந்து கரண்ட் இல்ல. திகனப் பக்கம் மரம் விழுந்து லைன் அறுந்துட்டாம். போன்லயும் சார்ஜ் இல்ல. மகளுக்கு விறகுலதான் தண்ணி சுட வச்சேன்."

படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். நான் திட்டிய அதே மரம்! லைன் அறுந்தால் ராத்தா வீட்டிலும் கரண்ட் இருக்காது என்பது கரண்ட்காரனான எனக்கே மண்டையில் ஏறவில்லை.

பிரேக்கரை இறக்கிவிட்டு ஹீட்டர் சுவிட்சைக் கழற்றினேன். வயரின் தோல் கருகி, தொட்டதும் உதிர்ந்தது. ராத்தாவிடம் என் பிழையைச் சொன்னேன். நன்றாக ஏசினார், பிறகு தேத்தண்ணீர் தந்தார். மறுநாளே தனிப் பைப்பில் ஆறு எம்எம் வயர் இழுத்துக் கொடுத்தேன். அன்றிலிருந்து கணக்குப் போடாமல் ஒரு வயரையும் நான் வெட்டுவதில்லை.

நான் கூப்பிட்டது பின்னேரம். தாய் மரத்தைச் சாய்த்தது காலையில். வழியடைபட்டுத் தவிக்கிறீர்களா? அவளைக் கூப்பிடுங்கள். உங்கள் வீட்டில் யாராவது பிரேக்கரைப் பெரிதாக்கியிருந்தால், தயவுசெய்து என்னையும் கூப்பிடுங்கள். கூலி வேண்டாம்.