மயிலாப்பூர், தி.நகர், அடையாறு: மூன்று யூபிஎஸ், ஒரு போன்

மூன்று டயாலிசிஸ் மையங்கள் நடத்தும் டாக்டர் ஒருவர் போன மாதம் மதுரையில் இருந்த என்னைக் கூப்பிட்டார். அவருடைய ஒரு மையத்தில் யூபிஎஸ் பேட்டரி யாருக்கும் தெரியாமலே செத்துக் கிடந்திருக்கிறது. நல்லவேளையாக அன்று நோயாளிகள் இல்லை. "மூணையும் ஒரே போன்ல பார்க்கிற மாதிரி பண்ணிடும்மா" என்றார். பையில் மூன்று நெட்வொர்க் கார்டுகளோடு சனிக்கிழமை காலை ஐந்தரைக்கு எழும்பூரில் இறங்கினேன்.

மயிலாப்பூருக்கு ஆட்டோ, ஆறு கிலோமீட்டர், 180 ரூபாய்.

"பையில இன்னா மேடம் கீது?" என்றார் டிரைவர்.

"யூபிஎஸ்ல மாட்டுற கார்டுண்ணா. கரண்ட் போனா எங்க இருந்தாலும் போன்ல சொல்லும்."

"எங்கூட்டாண்ட கரண்ட் போனா கொசுவே சொல்லிடும் மேடம்!"

லஸ் முனை வரைக்கும் சிரித்துக்கொண்டே போனேன்.

மையத்தைத் திறந்து வைத்திருந்தவர் நர்ஸ் பிலோமினா சிஸ்டர். முதல் நோயாளி எட்டு மணிக்குத்தான் வருவார். யூபிஎஸ்ஸின் பின்னால் கார்டைச் செருகி, ரவுட்டரோடு கேபிளை இணைக்க நாற்பது நிமிடம். யூபிஎஸ்ஸுக்கு வரும் மின்சாரத்தை மட்டும் நிறுத்திப் பார்த்தேன். நான்கே விநாடியில் போன் கத்தியது. சிஸ்டர் கைதட்டினார். எனக்கும் பெருமை தாங்கவில்லை.

அந்தப் பெருமை தி.நகரில் உடைந்தது. ஆட்டோவில் இருபது நிமிடம், 120 ரூபாய். மதியம் படுக்கைகள் காலியானதும் கார்டை மாட்டி, கட்டடத்தின் மெயின் சுவிட்சையே அணைத்தேன். போன் மூச்சு விடவில்லை. தேடினால், ரவுட்டர் சாதாரண சுவர் பிளக்கில் இருந்தது. கரண்ட் போன சேதியைக் கொண்டுபோக வேண்டிய பெட்டி கரண்டோடு சேர்ந்து அணைந்துவிட்டது. பிளக்கை யூபிஎஸ்ஸுக்கு மாற்றிவிட்டு உடனே மயிலாப்பூருக்குப் போன் போட்டேன். அங்கேயும் அதே கதை! சிஸ்டர் அப்போதே பிளக்கை மாற்றினார்.

அடையாறு பஸ்ஸில் ஜன்னலோர இடம் கிடைத்தது. முப்பத்தைந்து நிமிடப் பயணம். மூன்றாவது கார்டையும் மாட்டிவிட்டு டீ குடிக்கும்போது, மணி 3.40, போன் அலறியது. மயிலாப்பூர் பேட்டரியில் ஓடுகிறது. இன்னும் 22 நிமிடம்தான்.

கரண்ட் போன அரை நிமிடத்தில் அங்கே ஜெனரேட்டர் தானாக எடுத்திருக்க வேண்டும். இரண்டு நிமிடம் ஆயிற்று. எடுக்கவில்லை. ஐந்து பேருடைய ரத்தம் அந்த நேரத்தில் மெஷினில் சுற்றிக்கொண்டிருந்தது. டீ கிளாஸை எங்கே வைத்தேன் என்று தெரியவில்லை. பிலோமினா சிஸ்டருக்குப் போன் போட்டேன்.

"சிஸ்டர், ஜெனரேட்டர் பேனல்ல சுவிட்ச் எதுல இருக்கு?"

செருப்புச் சத்தம், கதவுச் சத்தம். "ஆஃப்ல இருக்கும்மா!"

காலையில் வேலை செய்யும்போது ஜெனரேட்டர் திடீரென்று எடுத்துவிடக் கூடாதே என்று அணைத்தது நான்தான். திருப்பி வைக்க மறந்திருக்கிறேன்.

"சுவிட்சை 'ஆட்டோ'ன்னு எழுதியிருக்கிற பக்கம் திருப்புங்க சிஸ்டர், தானா எடுக்கும்."

டமடமவென்று சத்தம் போனில் கேட்பதற்குள் திரையில் மின்சாரம் வந்துவிட்டது. 18 நிமிடத்தில் நின்ற கணக்கு மெல்ல ஏறத் தொடங்கியது. டீக்கடை வாசலிலேயே "வந்துடுச்சு!" என்று கத்தினேன். கடைக்காரர் கிரிக்கெட் ஸ்கோர் என்று நினைத்துக்கொண்டு, "எத்தினி?" என்றார்.

இந்த வேலைக்குக் கிளம்புகிறவர்களுக்கு: ரவுட்டர் எந்த பிளக்கில் இருக்கிறது என்று முதலில் பாருங்கள். சோதிக்கும்போது மெயினையே அணையுங்கள், ஆனால் படுக்கைகள் காலியாக இருக்கும்போது மட்டும். கிளம்புமுன் ஜெனரேட்டர் சுவிட்சைப் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். மூன்று மையங்களுக்கும் ஒரே நாள் போதும். நடந்ததை டாக்டரிடம் அன்றைக்கே சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் மனசு லேசானது.

ஆறு மணிக்குப் பெசன்ட் நகர் கடற்கரையில் உட்கார்ந்திருந்தபோது சிஸ்டர் அழைத்தார். ஐந்து பேரும் வீட்டுக்குப் போய்விட்டார்களாம்.

"யாராவது பயந்தாங்களா சிஸ்டர்?"

"ஒரு மாமா மட்டும் 'ஏசி ஏன் நின்னுடுத்து'ன்னு கேட்டுட்டே இருந்தார். மத்தவங்க நல்லாத் தூங்கினாங்க."