ஆயிரத்தொரு டாலரும் ஓடிப்போன தளபதியும்

வங்கியில் பணத்தை எண்ணுகிறவர்கள் உண்டு. எண்ணிய பணத்தைச் சந்தேகப்படுவதற்கென்றே சம்பளம் வாங்குகிறவர்களும் உண்டு. ஊருக்குப் பணம் அனுப்பிவிட்டு ‘பரிசீலனையில் உள்ளது’ என்ற வரியை நாள்கணக்கில் முறைத்துப் பார்த்தவரா நீங்கள்? மன்னியுங்கள், பரிசீலித்துக்கொண்டிருந்தது நான்தான்.

ஐந்து வண்ண வரைபடம்

சென்ற ஆண்டு, நியூ ஜெர்ஸியில் உள்ள எங்கள் அலுவலகத்துக்கு ஒரு கோப்பு வந்தது. ஒரு போரில் கிராமத்து ஆண்களை வரிசையாக நிறுத்திச் சுட்ட தளபதி, வேறு பெயரில் ஏதோ ஒரு நாட்டில் வாழ்கிறார். அமெரிக்காவில் இருக்கும் பழைய சகாக்கள் அவருக்குப் படியளக்கிறார்கள். அவர் முகத்தை அடையாளம் காட்டக்கூடிய சாட்சி ஒரே ஒரு பெண்மணிதான் மிச்சம், அவருக்கும் புற்றுநோய். அவர் இருக்கும்போதே பணம் போகும் வழியைக் கண்டுபிடிக்க வேண்டும்.

போர்க்குற்றவாளிகள் தப்பிய வரலாற்றையெல்லாம் கரைத்துக் குடித்தவன் என்ற நினைப்பு எனக்கு. அடைக்கலம் தந்த மடாலயங்கள், போலி பாஸ்போர்ட், தங்கக் கட்டிகள் என்று ஐந்து வண்ணத்தில் ஒரு வரைபடம் போட்டேன். பக்கத்து மேஜை சுதா, கோயம்புத்தூர்க்காரர், நிதானமாகப் பார்த்தார்.

“சூப்பருங்க வெங்கட். ஃப்ரேம் பண்ணி ஹால்ல மாட்டிக்கங்க. ஆமா, இதுல நம்ம பேங்க் எங்கீங்க இருக்குது?”

அந்த ஒரு டாலர்

அடுத்த வாரம் கணினி அலறியது. டெக்சஸின் ஆலன் நகரிலிருந்து பதினொரு பேர், ஒரே வாரத்தில், காரைக்குடியில் உள்ள ஒரே கணக்குக்கு, ஆளுக்கு ஆயிரத்தொரு டாலர். அந்த ஒரு டாலர் ரகசியக் குறியீடாக இருக்குமோ என்றார் மேலதிகாரி டெபோரா. கல்யாண மொய் என்று எனக்குப் பார்த்ததுமே தெரிந்தது. ஆனாலும் விதிப்படி பதினொருவரில் மூத்தவரான பழனிவேல் அங்கிளைக் கூப்பிட்டு, காரணம் கேட்டேன். “தம்பி, நீங்க தமிழ்தானே? நம்ம ஆளே ஹோல்டு பண்ணா எப்படி? கல்யாணம் முடிஞ்சு பொண்ணு மாப்பிள்ளை ஊட்டியே போயிட்டாங்க!” என்று பொரிந்தார்.

‘திருமணப் பரிசு’ என்று இரண்டு சொல்லில் முடித்திருக்கலாம். நானோ மொய்யின் தோற்றம், மொய் நோட்டு, தொகை பூஜ்யத்தில் முடிந்தால் உறவும் அதோடு முடிந்துவிடும் என்ற நம்பிக்கை என்று அடிக்குறிப்புகளோடு ஒன்பது பக்கம் எழுதினேன். மூன்று நாள் ஆனது. மற்ற வேலையெல்லாம் தேங்கியது. டெபோரா கடைசிப் பக்கம் வரை படித்தார், பாவம்.

“வெங்கட், அந்த ஒரு டாலர் எதுக்குன்னுதான் கேட்டேன். அடுத்து எனக்குப் பரீட்சை வைப்பியா?”

நாற்பது நிமிடம்

தேங்கியதில் ஒன்று: ஓய்வுபெற்ற பல் மருத்துவர் ஒருவர், வெளிநாட்டில் ஒரு முதியோர் இல்லத்துக்கு மாதாமாதம் சிறு தொகை அனுப்புகிறார். தங்கம் இல்லை, மடாலயம் இல்லை. சுவாரசியமே இல்லாத கேஸ். அவரைக் கூப்பிட்டால், என்ன இனிமையான மனிதர்! பேச்சு எப்படியோ வரலாற்றுக்குப் போனது. நான் மடாலயங்களைப் பற்றிச் சொல்ல, அவர் இரண்டு திருத்தங்கள் சொன்னார். “உங்களைப் போலப் படித்தவர் வங்கியில் இருப்பது அபூர்வம்” என்றும் சொன்னார். போனை வைத்ததும் ‘சந்தேகம் ஏதுமில்லை’ என்று எழுதிக் கோப்பை மூடினேன்.

அந்த அபூர்வத்தைச் சுதாவிடம் பெருமையாகச் சொன்னேன்.

“நாப்பது நிமிசம் பேசுனீங்களே, அந்த இல்லத்துல எத்தனை பேர் இருக்காங்கன்னு கேட்டீங்களா?”

காலி அறை

ஒரே ஒருவர்தான் இருந்தார். சுதா தோண்டியதில், அந்த ‘இல்லம்’ இரண்டு அறை கொண்ட வாடகை வீடு என்று தெரிந்தது. கோப்பைத் திரும்பத் திறந்து, தளபதியைத் தேடும் விசாரணை அதிகாரிக்கு அன்றே அனுப்பினோம். அங்கே போலீஸ் போனபோது அடுப்பில் சூப் இருந்தது, ஆள் இல்லை. பல் மருத்துவர் தகவல் சொல்லியிருக்க வேண்டும்; நான் பேசி முடித்த மறுநாளே தளபதி கிளம்பியிருக்கிறார். நாற்பது நிமிடம் வரலாறு பேசி, எச்சரிக்கை மணி அடித்தவன் நான்.

விசாரணை அதிகாரி போனில் என்னைத் திட்டவில்லை. திட்டியிருக்கலாம். சாட்சி அம்மாளிடம் தகவல் சொல்லிவிட்டதாக மட்டும் சொன்னார். அதற்கு அம்மாள் என்ன சொன்னார் என்று கேட்டேன்.

“‘சரி, நான் மாத்திரையை ஒழுங்காப் போட்டுக்கிறேன், நீங்க சீக்கிரமாத் தேடுங்க’ன்னாங்க.”

ஒரு மொய்ப் பணத்தை நாள்கணக்கில் பிடித்துவைத்து, ஒரு கொலைகாரனை ஒரு நாள்கூடப் பிடித்துவைக்க முடியாத என்னை, வங்கி இந்த ஆண்டு புதியவர்களுக்கு வகுப்பெடுக்கச் சொல்லியிருக்கிறது.